ஹோம்ஸின் கோடும் நமது மரமும்

நம்மிடையே ஒரு கதைக்கு எப்போதும் செல்வாக்கு உண்டு. ஒருவன் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டிருக்கிறான். ஒரு நாள் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, வண்ணப் பெட்டியும் தூரிகையுமாக மலைப் பக்கம் போய்விடுகிறான். அதற்குப் பிறகு அவன் கலைஞன். இந்தக் கதையை யார் சொன்னாலும் நாம் தலையாட்டுகிறோம். சொல்பவர் பெரும்பாலும் குமாஸ்தாவாகவோ வாத்தியாராகவோ இருப்பார். கேட்பவர்களும் அப்படியே. கதைக்குள் ஒரு கோட்பாடு இருக்கிறது: விஞ்ஞானம் பொருளைக் கூறுபோட்டு அறிகிறது, கலை அதை முழுமையாக உணர்கிறது, ஆகவே ஒன்றை விட்டால்தான் மற்றது கைகூடும். சம்பளம் தரும் வேலைக்கும் எழுத்துக்கும் உள்ள உறவையும் நாம் இதே அச்சில் வார்த்து வைத்திருக்கிறோம். நானும் ரொம்ப காலம் இதை நம்பியவன். வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து நோட்டு எண்ணும் நேரமெல்லாம் எழுத்திலிருந்து களவுபோன நேரம் என்று மனசுக்குள் கணக்கு வைத்திருந்தேன்.

இந்த நம்பிக்கையை அசைத்தவை வில்லியம் ஹென்றி ஹோம்ஸ் என்ற அமெரிக்கரின் படங்கள். அவர் வாழ்க்கையை மேலோட்டமாகச் சொன்னால் அது நமக்குப் பிடித்த அதே கதைதான். படங்களைப் பார்த்தால் கதை தலைகீழாகிவிடுகிறது.

ஹோம்ஸ் 1846-ல் ஒஹையோ மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஹோப்டேல் என்ற ஊரின் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் படித்து 1870-ல் வெளிவந்தார். சிறிது காலம் அங்கேயே இயற்கை வரலாறும் நிலவியலும் சித்திரமும் கற்பித்தார். 1871-ல் வாஷிங்டனுக்குப் போனது ஓவியம் பயில்வதற்காக. தியோடர் காஃப்மன் என்ற ஓவியர் அவருக்கு ஆசான். ஸ்மித்ஸோனியன் காட்சிசாலையில் பாடம் செய்து வைத்திருந்த ஒரு பறவையை வரைந்துகொண்டிருந்தபோது அங்கிருந்த விஞ்ஞானிகள் கண்ணில் பட்டார். தொல்லுயிர்ப் படிவங்களையும் சிப்பிகளையும் வரையும் வேலை கிடைத்தது. 1872-ல் ஹேடன் தலைமையிலான அரசாங்க நில ஆய்வுக் குழுவில் சித்திரக்காரராகச் சேர்ந்து யெல்லோஸ்டோன் பிரதேசத்துக்குப் போனார். பிறகு கொலராடோ மலைகள். அதே குழுவில் நிலவியலாளராகவும் ஆனார். பின்னாளில் தொல்பொருள் ஆராய்ச்சி, மானிடவியல் துறைத் தலைமை. 1920-ல், 73 வயதில், அன்று தேசியக் கலைக்கூடம் என்று பெயர் கொண்டிருந்த ஸ்மித்ஸோனியன் கலைச் சேகரத்தின் முதல் இயக்குநர். 1933-ல் இறந்தார். இவ்வளவுக்கும் நடுவில் வாழ்நாள் முழுதும் நீர்வண்ணத்தில் நிலக்காட்சிகள் தீட்டிவந்தார்.

விஞ்ஞானத்தில் தொடங்கிக் கலைக்கூடத்தில் முடிந்த வாழ்க்கை. நமது கதைப்படி பார்த்தால், வேலைக்காக வரைந்தவை வெறும் தகவல் படங்களாகவும், தனக்காகத் தீட்டியவை கலையாகவும் இருக்க வேண்டும். இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

1882-ல் கிளாரன்ஸ் டட்டன் என்ற ராணுவக் கேப்டன், கிராண்ட் கேன்யன் பிரதேசத்தின் நிலவியல் வரலாறு பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார். அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை வெளியீடு. அதனுடன் ஒரு அட்லஸும் வந்தது. அதில் ஹோம்ஸ் வரைந்த மூன்று தாள்கள் இருக்கின்றன. பள்ளத்தாக்கின் வட விளிம்பில் பாயின்ட் சப்ளைம் என்று டட்டன் பெயர் வைத்த முனையிலிருந்து கிழக்கே ஒரு தாள், தெற்கே ஒன்று, மேற்கே ஒன்று. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே காட்சி. இதற்காக ஹோம்ஸ் அங்கே போனது 1880-ல். அப்போது அவருக்கு 33 வயது.

முதலில் கண்ணில் படுவது, இந்தப் படத்தில் தூரம் மங்கவில்லை என்பது. நிலக்காட்சி ஓவியத்தின் பழைய உபாயம் ஒன்று உண்டு: தொலைவில் இருப்பதை நீல மூட்டத்தில் கரைத்துவிடுவது. பார்ப்பவன் அதைப் பிரம்மாண்டம் என்று எடுத்துக்கொள்வான். ஹோம்ஸ் இந்தச் சலுகையை அனேகமாக எடுத்துக்கொள்ளவில்லை. பல மைல்களுக்கு அப்பால் இருக்கும் பாறைச் சுவரிலும் அடுக்குகளைப் பிரித்துக் காட்டுகிறார். இந்தப் பக்கத்துச் சுவரில் ஓடும் ஒரு படிவ அடுக்கு பள்ளத்தில் அறுந்து, நடுவில் தனித்து நிற்கும் ஒரு குன்றில் அதே மட்டத்தில் மீண்டும் தோன்றி, மறுபடி அறுந்து, எதிர்ச் சுவரில் தொடர்கிறது. கண் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போகிறது. போகும்போதுதான், ஒரு காலத்தில் இவையெல்லாம் ஒரே தளமாக இருந்தன, இடையில் இருந்ததெல்லாம் அரித்துப் போய்விட்டது என்பது புரிகிறது. அதை யாரும் சொல்லவில்லை. கோடு நடத்திக்கொண்டு போய் அங்கே விட்டுவிடுகிறது. இழந்த பாறையின் அளவும், இழக்க ஆன காலமும் ஒரு சேர நெஞ்சில் இறங்குகின்றன. பயம் என்று சொல்லத்தக்க ஒன்று அப்போது எனக்குள் எழுந்தது.

முதல் தாளில், விளிம்புப் பாறை மேல் மிகச் சிறியதாக இரண்டு மனித உருவங்கள். ஒருவர் உட்கார்ந்து வரைகிறார். மற்றவர் அருகில் நின்று பார்க்கிறார். சித்திரக்காரரும் நிலவியலாளரும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஹோம்ஸ் இரண்டுமாக இருந்தவர். அந்த இரண்டு உருவங்களும் ஒரே மனிதனின் இரண்டு நிலைகள் என்று எனக்குப் படுகிறது.

இதே அட்லஸில் தாமஸ் மோரன் வரைந்த ஒரு தாளும் உண்டு. மோரன் அன்று பெரிய பெயர். யெல்லோஸ்டோன் பற்றிய அவருடைய எண்ணெய் ஓவியம் ஒன்றையும், கொலராடோப் பள்ளத்தாக்கு பற்றிய மற்றொன்றையும் அமெரிக்கக் காங்கிரஸ் தலா 10,000 டாலர் கொடுத்து வாங்கியது. இயற்கையை உள்ளபடி நகலெடுப்பதில் தனக்கு மதிப்பில்லை என்று வெளிப்படையாகவே சொன்னவர். அவர் படங்களில் மேகம் கிழிகிறது, ஒளி பாய்கிறது, பாறை நாடகமாடுகிறது. குறை சொல்ல முடியாத திறமை. ஆனால் அங்கே நான் உணர்வது மோரனின் பரவசத்தை. ஹோம்ஸிடம் உணர்வது பாறையை. மோரன் நான் வியக்க வேண்டும் என்று விரும்புகிறார். ஹோம்ஸ் நான் பார்க்க வேண்டும் என்று மட்டும் விரும்புகிறார். வியப்பு அதிலிருந்து தானாக வருகிறது. வராவிட்டாலும் அவருக்குக் கவலையில்லை என்பதுபோன்ற ஒரு விலகல் அந்தக் கோட்டில் இருக்கிறது. கலையில் இந்த விலகல் எவ்வளவு அரிது என்பது நமக்குத் தெரியும்.

அறிவு எப்படிக் கோடாகிறது என்பதற்கு ஒரு உதாரணம். கிராண்ட் கேன்யனில் ரெட்வால் என்று ஒரு சுண்ணாம்புக்கல் அடுக்கு உண்டு. பல இடங்களில் 150 மீட்டருக்கும் உயரமாகச் செங்குத்தாக நிற்கும் சிவந்த சுவர். ஆனால் அந்தக் கல் சிவப்பு அல்ல. உடைத்துப் பார்த்தால் சாம்பல் நிறம். மேலே இருக்கும் அடுக்குகளின் இரும்புத் துரு மழை நீரில் கரைந்து, வழிந்து, சுவருக்குச் செம்மை ஏற்றியிருக்கிறது. நீரில் கரைந்த நிறம் ஒரு வெளிறிய பரப்பின் மேல் ஓடிக் காய்ந்திருக்கிறது. நீர்வண்ணம் என்பதும் இதுதானே. இதை அறியாத ஓவியன் சிவப்பு மலை தீட்டுவான். அறிந்தவன் சாம்பல் மலை மேல் வழிந்த சிவப்பைத் தீட்டுவான். இரண்டுக்கும் ஒரே நிறக்கட்டியைத் தொட்டாலும், கை போகும் திசை வேறாகிவிடும். அறிவு படத்தில் விளக்கக் குறிப்பாக நிற்பதில்லை. கை போகும் திசையாக மாறிவிடுகிறது.

இதை நான் ஓரளவு நம்புவதற்கு என் தொழிலும் காரணம். கவுண்டரில் சில வருஷம் உட்கார்ந்தவனுக்குக் கள்ள நோட்டு விரலில் தெரியும். கட்டை விசிறிக்கொண்டு போகும்போது ஒரு தாள் மட்டும் தவறாக நகரும். கண் பிறகுதான் பார்க்கும். இதைக் கலை என்று சொல்லவில்லை. ஆனால் கற்றது புலனாக மாறும் அந்த இடத்தை, எழுத்தில் தேடிக் காணாமல், நோட்டுக் கட்டில் கண்டுகொண்டேன் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

இனி ஹோம்ஸின் நீர்வண்ணங்கள். அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இவற்றில் எதையும் நான் அசலாகப் பார்த்ததில்லை. கணினித் திரையில், பெரிதாக்கியும் நகர்த்தியும் பார்த்தவை. அட்லஸ் தாள்கள் அச்சுக்கென்றே உருவானவை, அவற்றுக்கு இதனால் அதிகக் கேடில்லை. நீர்வண்ணத்துக்கு உண்டு. காகிதத்தின் சொரசொரப்பும், நிறம் அதில் ஊறி நின்ற விதமும் திரையில் தெரியாது. ஆகவே என் தீர்ப்பில் ஒரு பங்கு தள்ளுபடி செய்துகொள்ளலாம்.

ராக் கிரீக் ஓடைக்கரை, மேரிலாந்தின் வயல்வெளிகள், மரங்களுக்கிடையில் ஒளி. கைநேர்த்திக்குக் குறைவில்லை. எதை விட வேண்டும் என்று தெரிந்த கை. ரம்மியம் என்ற சொல் உடனே வாயில் வருகிறது. வந்த உடனேயே அது போதவில்லை என்றும் தெரிகிறது. வாஷிங்டனின் நீர்வண்ணச் சங்கத்துக்காரர் எவரும் இவற்றைத் தீட்டியிருக்கலாம். பாயின்ட் சப்ளைம் தாள்களை உலகத்தில் வேறொருவர் வரைந்திருக்க முடியாது. கலைஞனாக இருக்கலாம் என்று அனுமதி கிடைத்த இடத்தில் இந்த மனிதர் எல்லோரையும்போல ஆகிவிட்டார். அனுமதி இல்லாத இடத்தில், அரசாங்க அறிக்கையின் இணைப்புத் தாளில், தானாக இருந்தார்.

குற்றம் நீர்வண்ணத்தின் மேல் அல்ல. சொல்லப்போனால் அந்தச் சாதனமே நில அளவையின் மடியில் வளர்ந்தது. இங்கிலாந்தில் நிலக்காட்சி நீர்வண்ணத்துக்கு மூத்தவர்களில் ஒருவரான பால் சாண்ட்பி, 1747-ல் ஸ்காட்லாந்து மலைப் பிரதேசத்தை ராணுவம் அளந்தபோது அதில் வரைபடக்காரராக வேலை பார்த்தவர். சாதனத்தின் இயல்பும் அறிவைக் கேட்பது. தெளிந்த நீர்வண்ணத்தில் வெள்ளை நிறம் கிடையாது. வெளிச்சம் என்பது தொடாமல் விட்ட காகிதம். எங்கே தொடக் கூடாது என்பது முதல் தூரிகை படுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். எண்ணெய் ஓவியத்தில்போல மேலே பூசித் திருத்த முடியாது. இவ்வளவு முன்னறிவு கேட்கும் சாதனத்தை ஹோம்ஸ் ஓய்வாக எடுத்துக்கொண்டார். மேரிலாந்து வயலைப் பற்றி அவர் அறிய விரும்பியது எதுவும் இல்லை. அது அழகாக இருந்தது, அவ்வளவுதான். அழகு முன்னதாகவே முடிவாகிவிட்ட இடத்தில் கோட்டுக்கு வேலை இல்லை.

அப்படியானால் ஒவ்வொரு வரைபடமும் கலையா, ஒவ்வொரு பாடப்புத்தகமும் இலக்கியமா என்று கேட்கலாம். இல்லை. அறிக்கைப் படங்களில் பெரும்பாலானவை செத்தவை. ஹோம்ஸின் குழுக்களிலேயே சுமாரான வரைவாளர்கள் இருந்திருப்பார்கள். தகவல் சேர்ந்ததால் கலை வந்துவிடாது. தகவல் ஒரு நெருக்கடியாக மாறி, வடிவத்தை வேறு வழியின்றி ஒரு பக்கம் தள்ளும்போதுதான் வருகிறது. வேடிக்கை என்னவென்றால் இதை ஹோம்ஸே வேறொரு இடத்தில் சொல்லியிருக்கிறார். பழங்குடியினரின் மண்பாண்டங்கள் பற்றி 1886-லும், நெசவு பற்றி 1888-லும் வெளிவந்த ஆராய்ச்சிகளில் அவர் காட்டுவது: பானைகளின் மேல் காணும் கோண வடிவங்கள் பல, முதலில் கூடை முடைவதில் பிறந்தவை. நாரும் குச்சியும் குறுக்கும் நெடுக்குமாகத்தான் போக முடியும். வளைவு அங்கே படிப்படியாகத்தான் ஏறும். அந்த நிர்ப்பந்தம் ஒரு வடிவத்தைத் தந்தது. பிறகு அதே வடிவம் நிர்ப்பந்தமே இல்லாத களிமண்ணுக்கு இடம் மாறி அலங்காரமாயிற்று. தன்னுடைய சித்திரங்களின் விதியையே அவர் அறியாமல் எழுதிவிட்டார் என்று தோன்றுகிறது. கொலராடோவில் நிர்ப்பந்தமாக இருந்தது மேரிலாந்தில் அலங்காரமாயிற்று.

இந்தப் புகழ்ச்சியை இப்படியே விட்டுவிட முடியாது. பாயின்ட் சப்ளைம் தாள்களில் அந்த இரண்டு வெள்ளைக்காரர்களைத் தவிர மனித வாசனையே இல்லை. கைபாப் மேட்டுநிலத்தில் பையூட் மக்கள் தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள். கல்லின் ஒவ்வொரு அடுக்கையும் பிரித்தறிந்த கண்ணுக்கு அவர்கள் நிலத்தின் பகுதியாகத் தெரியவில்லை. 1875-ல் சான் வான் ஆற்றுப் பிரதேசத்தில் பழங்குடியினர் விட்டுப்போன இடிந்த வீடுகளை ஹோம்ஸ் அக்கறையோடு ஆராய்ந்தார். உடைந்த பானைகளை நேசித்தார். ஆனால் உயிரோடிருந்த மக்களை, கீழ்ப்படி மேல்படி என்று பண்பாடுகளை ஏணியில் நிறுத்தும் அன்றைய மானிடவியலின்படிதான் பார்த்தார். அந்த ஏணியை ஃப்ரான்ஸ் போவாஸ் எதிர்த்தபோது ஹோம்ஸ் எதிர்த் தரப்பில் இருந்தார். அந்த நில ஆய்வுகள் சுரங்கத்துக்கும் ரயில் பாதைக்கும் குடியேற்றத்துக்கும் பயன்பட்டவை என்பதும் மறைக்கக் கூடியதல்ல. அறிவு கண்ணைத் திறக்கிறது. எதற்குத் திறக்க வேண்டாம் என்பதையும் அதுவே முடிவு செய்துவிடுகிறது. ஹோம்ஸின் கோட்டை நாம் மதிக்கும்போது அந்தக் கோடு நின்றுபோன இடத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பெயர்கள் விஷயத்திலும் இது தெரிகிறது. பள்ளத்தாக்கின் நடுவே எழும் குன்றுகளுக்கு டட்டன் சிவன் கோயில், விஷ்ணு கோயில் என்று பெயரிட்டார். இன்றும் அவை வரைபடத்தில் அப்படியே இருக்கின்றன. நம்மில் சிலருக்கு இதைக் கேட்டால் பெருமை வரும். எனக்கு வரவில்லை. அங்கே வாழ்ந்தவர்களின் சொல் இருக்க வேண்டிய இடத்தில், அவர் நூல்களில் மட்டும் அறிந்த நம் சாமிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். டட்டன் நல்ல உரைநடைக்காரர். ஆனால் பாறையின் முன்னால் அவருக்குக் கோயில் என்ற உவமை தேவைப்பட்டது. ஹோம்ஸின் கோட்டுக்குத் தேவைப்படவில்லை. அங்கே பாறை பாறையாக நிற்கிறது. உவமையை நம்பியே கவிதை எழுதிவரும் நாம் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டிய இடம் இது.

நமது புதுக்கவிதையில் மரம் வருகிறது. பறவை வருகிறது. ஒரு பூ உதிர்கிறது. எந்த மரம், எந்தப் பறவை என்று கேட்டால், அது குறியீடு என்று பதில் கிடைக்கிறது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறார். அது வெறும் பட்டியல் என்று சொல்பவர்கள் உண்டு. கல்லூரியில் நானும் சொன்னேன். அருவியில் ஆடிய பெண்கள் பறித்துப் பறித்துப் பாறையில் குவிக்கும் பூக்கள் அவை என்பதை மறந்துவிட்டுப் படித்தால் பட்டியல்தான். நினைவில் வைத்துப் படித்தால், பெயர்களின் வேகம் பறிக்கும் கைகளின் வேகமாகிறது. பெயர் தெரிந்திருந்ததால் மட்டும் அது கவிதையாகவில்லை. ஆனால் பெயர் தெரியாதவனால் அதை எழுதியிருக்கவே முடியாது. குறியீடு என்று நாம் சொல்வதில் எவ்வளவு பங்கு பார்க்காமல் விட்ட சோம்பல் என்று ஒருமுறை கணக்கெடுத்தால் தேவலை.

மற்றவர்களைச் சொல்லிவிட்டு நான் நழுவிக்கொள்வது நியாயமாகாது. எங்கள் வங்கிக் கிளைக்கு எதிரே ஒரு பெரிய மரம் நிற்கிறது. ஆறு வருஷமாக அதன் நிழலில் வண்டியை நிறுத்துகிறேன். இரண்டு கவிதைகளில் அதை எழுதியும் இருக்கிறேன், மரம் என்று. ஒரு கவிதை இந்தப் பத்திரிகையிலேயே வந்தது. அதில் நள்ளிரவில் அந்த மரம் தன் இலைகளையெல்லாம் விரித்து ஊரைக் கேட்டுக்கொண்டிருக்கும். நண்பர்கள் அந்த வரியைத்தான் குறிப்பாகப் பாராட்டினார்கள். போன மாதம் ஹோம்ஸின் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், வாசலில் நிற்கும் பெரியவரிடம், “அண்ணே, இது என்ன மரம்?” என்று கேட்டேன்.

“தூங்குமூஞ்சி சார்” என்றார். “ஆறு மணிக்கு மேல பாருங்க, இலையெல்லாம் கையக் கூப்பிக்கும். விடிஞ்சாத்தான் பிரிக்கும்.”

அன்று சாயங்காலம் கணக்கு முடித்து வெளியே வந்து, வண்டியை எடுக்காமல் நின்று பார்த்தேன். அவர் சொன்னபடிதான் நடந்தது. ஒவ்வொரு ஈர்க்கிலும் சின்ன இலைகள் ஜோடி ஜோடியாக மடிந்துகொண்டு வந்தன. மேலே வானம் முன்னைவிட அதிகமாகத் தெரிந்தது. ஆறு வருஷம் அங்கே இருந்தும் நான் அதைப் பார்த்ததில்லை. அந்த வரியை இப்போது திருத்தி, இலைகளை மூடவைத்து, கவிதையைக் காப்பாற்றிவிடலாம்தான். ஆனால் பார்க்காமல் எழுதியது அந்த ஒரு வரி மட்டுமல்ல. கவிதையைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டேன். வேலையை விடும் யோசனையையும் இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.